பழைய டிவிடி டிரைவ், புதிய விண்டோஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டதால், விண்டோஸ் 11க்கு மாறுவதில் ஏற்படும் சிக்கல்களைப் பற்றி வாசகர்கள் தொடர்ந்து எழுதிவருகிறார்கள். டிவிடி டிரைவ் பற்றியும், இயங்குதளத்தை நிறுவும் வேலை பாதியில் நின்றுபோவது பற்றியும் வந்த கடிதங்களை இந்த முறை ஒன்றாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். கேள்வி அனுப்புவோருக்கு ஒரு வேண்டுகோள்: ‘வேலை செய்யவில்லை’ என்று மட்டும் எழுதாமல், எந்த இடத்தில் நின்றது என்பதையும் எழுதுங்கள். கணினியை இயக்கியவுடன் வரும் பயாஸ் திரையிலேயே நின்றதா, செட்டப் ஓடிக்கொண்டிருந்தபோதா, விண்டோஸ் முழுவதும் திறந்த பிறகா என்பது தெரிந்தால், பழுதைத் தேட வேண்டிய இடம் மூன்றில் ஒன்றாகக் குறைந்துவிடும்.

கேள்வி: என் மேசைக் கணினியை விண்டோஸ் 10இலிருந்து 11க்கு மேம்படுத்தினேன். மறுநாளிலிருந்து டிவிடி டிரைவ் ‘திஸ் பிசி’ பக்கத்தில் காணப்படவில்லை. பொத்தானை அழுத்தினால் தட்டு வெளியே வருகிறது, விளக்கும் எரிகிறது. புதிய டிரைவ் வாங்க வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு எதுவும் வாங்க வேண்டாம். தட்டு வருவதும் விளக்கு எரிவதும் டிரைவுக்கு மின்சாரம் கிடைக்கிறது என்பதை மட்டுமே காட்டும். தரவைக் கொண்டுசெல்லும் சாட்டா கேபிள் தனியானது. அது சற்றே நழுவியிருந்தாலும் தட்டு வழக்கம்போல் வந்துபோகும். ஆகவே கணினியை மறுதொடக்கம் செய்து, எஃப்2 அல்லது டெலிட் விசையை அழுத்தி பயாஸ் திரைக்குச் செல்லுங்கள். அங்குள்ள சேமிப்புச் சாதனங்களின் பட்டியலில் டிரைவின் பெயர் இல்லையென்றால் விண்டோஸின் மேல் குற்றமில்லை. கேபிளையும், அந்த சாட்டா போர்ட் முடக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும்.

பெயர் இருந்தால், டிரைவும் கேபிளும் நலம் என்று கொண்டு விண்டோஸுக்குத் திரும்பலாம். ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலச் சொடுக்கு செய்து ‘டிவைஸ் மேனேஜர்’ பகுதியைத் திறந்து, அதில் டிவிடி டிரைவின் பெயருக்கு அருகில் மஞ்சள் எச்சரிக்கைக் குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், பெயரை இருமுறை சொடுக்கினால் ஒரு குறியீட்டு எண் தெரியும். குறி எதுவும் இல்லாமல் டிரைவ் மட்டும் கண்ணில் படவில்லையென்றால், ‘டிஸ்க் மேனேஜ்மென்ட்’ பகுதியில் அதற்கு ஓர் எழுத்தை ஒதுக்கிக் கொடுப்பதோடு பிரச்சினை தீர்ந்துவிடக்கூடும். குறியிருந்தால், அந்தச் சாதனத்தை ‘அன்இன்ஸ்டால்’ செய்து கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். டிவிடி டிரைவுக்கான டிரைவர் (அந்தச் சாதனத்தோடு பேச விண்டோஸுக்கு உதவும் சிறு மென்பொருள்) விண்டோஸுடனேயே வருவதால் அது தானாகவே மீண்டும் ஏறிக்கொள்ளும். இணையத்தில் ‘டிவிடி டிரைவர் டவுன்லோடு’ என்று தேடினால் வரும் தளங்களின் பக்கமே போகாதீர்கள். தனியாக இறக்கி நிறுவ வேண்டிய டிரைவர் என்று ஒன்று பெரும்பாலான டிவிடி டிரைவுகளுக்குக் கிடையாது.

அதன் பிறகும் 19 அல்லது 39 என்ற எண் வந்தால், காரணம் பெரும்பாலும், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் தங்கிப்போன பழைய பதிவுதான். விண்டோஸ் 10இல் நீங்கள் பயன்படுத்திய டிவிடி எழுதும் மென்பொருளோ மெய்நிகர் டிரைவ் மென்பொருளோ, தனது வடிகட்டி ஒன்றை டிரைவுக்கும் விண்டோஸுக்கும் நடுவே நுழைத்திருக்கும். மேம்படுத்தும்போது அந்த மென்பொருள் செயலிழந்து, வடிகட்டியின் பெயர் மட்டும் பதிவில் எஞ்சிவிட்டால், விண்டோஸ் அந்தப் பெயரைத் தேடிக் கிடைக்காமல் டிரைவையே கைவிட்டுவிடுகிறது.

ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட் கன்ட்ரோல் செட், கன்ட்ரோல், கிளாஸ் என்ற வரிசையில் உள்ளே சென்றால், அடைப்புக்குறிக்குள் நீண்ட எண்ணெழுத்துப் பெயர்கள் கொண்ட கோப்புறைகள் நிறைய இருக்கும். 4டி36இ965 என்று தொடங்குவதுதான் நமக்கு வேண்டியது. அதைத் தேர்ந்தெடுத்ததும் வலப்புறத்தில் ‘கிளாஸ்’ என்பதற்கு நேரே ‘சிடிராம்’ என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் நீங்கள் தவறான இடத்தில் இருக்கிறீர்கள். எதையும் தொடுவதற்கு முன் அந்தக் கோப்புறையை ‘எக்ஸ்போர்ட்’ செய்து ஒரு கோப்பாக வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வலப்புறத்தில் ‘அப்பர் ஃபில்டர்ஸ்’, ‘லோயர் ஃபில்டர்ஸ்’ என்ற பெயர்கள் இருந்தால் அவற்றை மட்டும் நீக்கிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். எழுதும் மென்பொருளை அதன்பின் மீண்டும் நிறுவ நேரலாம்.

தொடக்கத்திலுள்ள அந்த எட்டு எழுத்துகளில் கடைசியைக் கவனிக்க வேண்டியதற்குக் காரணம் உண்டு. 965க்கு அருகிலேயே 967 என்று முடிவது வன்வட்டுக்குரியது. அங்குள்ள வடிகட்டியை நீக்கினால் விண்டோஸ் திறக்காமலே போகக்கூடும். 96பி என்று முடிவது விசைப்பலகைக்குரியது. ஒருமுறை அவசரத்தில் நானே அதில் கைவைத்துவிட்டேன். மறுதொடக்கம் ஆனதும் கடவுச்சொல் கேட்கும் திரையில் எந்த விசையும் வேலை செய்யவில்லை. திரை விசைப்பலகையில் மவுஸால் ஒவ்வோர் எழுத்தாகச் சொடுக்கி உள்ளே நுழைந்து, ஏற்கெனவே எக்ஸ்போர்ட் செய்து வைத்திருந்த கோப்பை இருமுறை சொடுக்கிய பிறகுதான் விசைப்பலகை திரும்பக் கிடைத்தது.

கேள்வி: விண்டோஸ் 11இன் ஐஎஸ்ஓ கோப்பை இறக்கி ஒரு டிவிடியில் எழுத முயன்றேன், இடம் போதவில்லை என்று வந்தது. லினக்ஸ் கோப்பு ஒன்றை எழுதிப் பார்த்தேன். எழுதியது, ஆனால் கணினி அந்த டிவிடியிலிருந்து தொடங்க மறுக்கிறது. டிரைவில் கோளாறா?

பதில்: இரண்டிலும் டிரைவ் குற்றமற்றது. சாதாரண ஒற்றை அடுக்கு டிவிடியின் கொள்ளளவு 4.7 ஜிபி. விண்டோஸ் 11இன் ஐஎஸ்ஓ 5 ஜிபியைத் தாண்டிவிடுவதால் அதில் அடங்காது. 8.5 ஜிபி கொள்ளும் இரட்டை அடுக்கு டிவிடியில் எழுதலாம்தான்; ஆனால் பழைய டிரைவுகள் அவற்றைப் படிப்பதில் அடிக்கடி திணறும். அதற்கு 8 ஜிபி பென் டிரைவே மேல்.

லினக்ஸ் டிவிடி தொடங்காததன் காரணத்தை நீங்களே பார்த்துவிடலாம். அந்த டிவிடியை ஓடுகிற கணினியில் போட்டுத் திறந்து பாருங்கள். உள்ளே பல கோப்புறைகள் தெரிந்தால் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. ஐஎஸ்ஓ என்று முடியும் ஒரே ஒரு கோப்பு மட்டும் தெரிந்தால், பாட்டுக் கோப்பை நகலெடுப்பதுபோல் அதை டிவிடியில் போட்டுவிட்டீர்கள் என்று பொருள். ஐஎஸ்ஓ என்பது முழு வட்டின் அச்சு. கோப்பின் மேல் வலச் சொடுக்கு செய்து ‘பர்ன் டிஸ்க் இமேஜ்’ என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் அது பிரிந்து, தொடக்கப் பகுதியுடன் வட்டில் இறங்கும். எழுதி முடிந்ததும் சரிபார்க்கும் வசதியையும் குறியிட்டுக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் விண்டோஸ் 10ஐ மேம்படுத்துவது மட்டும்தான் நோக்கமென்றால், டிவிடியும் வேண்டாம், பென் டிரைவும் வேண்டாம். ஐஎஸ்ஓ கோப்பை இருமுறை சொடுக்கினால் அது ஒரு தனி டிரைவாகத் திறக்கும். அதிலுள்ள ‘செட்டப்’ கோப்பை இயக்கினால் போதும்.

கேள்வி: ஒரே ஒரு டிவிடி டிரைவ் உள்ள என் கணினியில் இப்போது இரண்டு தெரிகின்றன. வைரஸாக இருக்குமோ?

பதில்: பயப்பட வேண்டாம். மேலே சொன்னபடி நீங்கள் எப்போதோ திறந்த ஐஎஸ்ஓ கோப்புதான் இரண்டாவது டிரைவாக நிற்கிறது. அதன் மேல் வலச் சொடுக்கு செய்து ‘இஜெக்ட்’ கொடுங்கள், போய்விடும். சில யுஎஸ்பி இணையக் கருவிகளும் தம் மென்பொருளைச் சிடி டிரைவ்போல் காட்டுவதுண்டு. கருவியைப் பிடுங்கினால் அதுவும் மறையும்.

கேள்வி: புதிய மடிக்கணினியில் பென் டிரைவிலிருந்து விண்டோஸ் 11ஐ நிறுவ முயல்கிறேன். எங்கே நிறுவுவது என்று கேட்கும் திரையில் பட்டியல் காலியாக இருக்கிறது. பயாஸில் எஸ்எஸ்டி தெரிகிறது. ஒருவர் எஸ்எஸ்டி பழுது என்றார், இன்னொருவர் பென் டிரைவ் சரியில்லை என்றார்.

பதில்: இருவர் சொன்னதும் சரியாக இருக்க வாய்ப்பில்லை. எஸ்எஸ்டி முழுப் பழுதென்றால் பெரும்பாலும் பயாஸில் தெரிந்திருக்காது. பென் டிரைவ் பழுதென்றால் செட்டப் இவ்வளவு தூரம் வந்திருக்காது. இரண்டுக்கும் நடுவில்தான் இடைவெளி இருக்கிறது.

இன்டெலின் 11ஆம் தலைமுறைச் செயலி முதல் வந்த மடிக்கணினிகள் பலவற்றில் விஎம்டி என்ற ஏற்பாடு இயக்கப்பட்டே வருகிறது. எஸ்எஸ்டி நேரடியாக இயங்குதளத்திற்குத் தெரியாமல், விஎம்டி கட்டுப்பாட்டகத்தின் பின்னால் நிற்கும். அந்தக் கட்டுப்பாட்டகத்தோடு பேசத் தேவையான டிரைவர் செட்டப்பிடம் இல்லாதபோது, அதன் கண்ணுக்கு அந்தக் கணினியில் சேமிப்பிடமே இல்லை. சில கணினிகளில் இந்த நிலையில் ‘மீடியா டிரைவர் இல்லை’ என்ற பொருளில் ஒரு செய்தி வரும். அதைப் படித்துவிட்டு டிவிடி டிரைவைச் சந்தேகித்தவர்களும் உண்டு.

இதற்கு வழி, டிரைவரைக் கையோடு கொண்டுபோவதுதான். மடிக்கணினியைத் தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்தில் உங்கள் மாடலைத் தேர்ந்தெடுத்து, சேமிப்பு என்ற பிரிவில் ‘இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ்’ டிரைவரை வேறொரு கணினியில் இறக்கிக்கொள்ளுங்கள். அது நிறுவும் கோப்பாக வந்தால் அப்படியே பென் டிரைவில் போட்டுப் பயனில்லை. செட்டப் தேடுவது ஐஎன்எஃப் என்று முடியும் கோப்பையும் அதனுடன் வரும் துணைக் கோப்புகளையும்தான். எனவே அதைப் பிரித்து, கிடைக்கும் கோப்புறையை பென் டிரைவில் வையுங்கள். பிறகு அந்தக் காலியான திரையில் ‘லோட் டிரைவர்’ என்பதைச் சொடுக்கி அந்தக் கோப்புறையைக் காட்டினால், சில நொடிகளில் எஸ்எஸ்டி பட்டியலில் வந்து நிற்கும்.

பயாஸில் விஎம்டியை முடக்கிவிடுவது இதைவிட எளிது என்று சிலர் சொல்வார்கள். முற்றிலும் காலியான எஸ்எஸ்டியில் புதிதாக நிறுவுவதென்றால் அது சரிதான். ஆனால் அந்த எஸ்எஸ்டியில் ஏற்கெனவே ஒரு விண்டோஸ் இருந்து, அதிலுள்ள கோப்புகள் உங்களுக்கு வேண்டுமென்றால், முடக்கியதும் அந்த விண்டோஸ் நீலத் திரையோடு நின்றுவிடலாம். பிட்லாக்கர் பூட்டு போடப்பட்டிருந்தால் 48 இலக்க மீட்புச் சாவியும் கேட்கும். பயாஸில் எதை மாற்றுவதாக இருந்தாலும் அந்தச் சாவி உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, ஒரு தாளில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். பூட்டிக்கொண்ட கணினிக்குள் இருக்கும் சாவி உதவாது.

கேள்வி: ‘இந்த வட்டு ஜிபிடி வகையைச் சேர்ந்தது, இதில் நிறுவ முடியாது’ என்று செட்டப் சொல்கிறது. நண்பரின் கணினியிலோ இதற்கு நேர்மாறாக ‘எம்பிஆர் வகை, நிறுவ முடியாது’ என்று வருகிறது. எது சரி?

பதில்: இரண்டும் ஒரே சங்கதியின் இரு முகங்கள். வட்டைப் பகுதிகளாகப் பிரித்துக் குறிக்கும் பழைய முறை எம்பிஆர், புதியது ஜிபிடி. கணினி பழைய பயாஸ் முறையில் தொடங்கினால் செட்டப் எம்பிஆர் வட்டைக் கேட்கும். அதற்குப் பின் வந்த யுஇஎஃப்ஐ முறையில் தொடங்கினால் ஜிபிடி வட்டைக் கேட்கும். விண்டோஸ் 11க்கு யுஇஎஃப்ஐ தேவை என்பதால், உங்கள் வட்டு சரியாகவே இருக்கிறது. தொடங்கிய முறைதான் தவறு. தொடக்கச் சாதனத்தைத் தேர்ந்தெடுக்கும் மெனுவைக் கூர்ந்து பாருங்கள். ஒரே பென் டிரைவின் பெயர் அதில் இரண்டு முறை இருக்கக்கூடும்: ஒன்று வெறும் பெயராக, இன்னொன்று பெயருக்கு முன்னால் ‘யுஇஎஃப்ஐ’ என்ற சொல்லுடன். நீங்கள் முதலாவதைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள்.

உங்கள் நண்பர் வட்டையே மாற்ற வேண்டும். அவருடைய விண்டோஸ் 10 இன்னும் திறக்கிறதென்றால், அதிலேயே இருக்கும் ‘எம்பிஆர்2ஜிபிடி’ என்ற கட்டளை, கோப்புகளை அழிக்காமல் வட்டை மாற்றித் தரும். முதலில் ‘வேலிடேட்’ என்ற சொல்லைச் சேர்த்து, மாற்ற முடியுமா என்று மட்டும் சோதிக்கச் சொல்ல வேண்டும். வட்டில் மூன்றுக்கு மேல் முதன்மைப் பகுதிகள் இருந்தால் மறுத்துவிடும். மாற்றிய பின் பயாஸில் யுஇஎஃப்ஐ முறைக்கு மாறாவிட்டால் அந்த விண்டோஸ் தொடங்காது. பல இடங்களில் பரிந்துரைக்கப்படும் ‘டிஸ்க்பார்ட் கிளீன்’ கட்டளை ஒரே வரியில் வேலையை முடித்துவிடும் என்பது உண்மைதான். வட்டிலுள்ள எல்லாப் பகுதிகளையும் சேர்த்து முடித்துவிடும். எந்த முறையாயினும், முக்கியமான கோப்புகளின் நகல் வேறொரு வட்டில் இருக்கட்டும்.

கேள்வி: கோப்புகளையெல்லாம் நகலெடுத்து முடித்து, கணினி மறுதொடக்கம் ஆனதும், மறுபடியும் ‘எந்த மொழி’ என்ற முதல் திரையே வருகிறது. மூன்று முறை நிறுவிவிட்டேன்.

பதில்: மறுதொடக்கத்தின்போது ‘சிடி அல்லது டிவிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு விசையை அழுத்தவும்’ என்ற வரி வந்ததும் பழக்கத்தில் அழுத்திவிடுகிறீர்கள். முதல் தடவைக்கு மட்டுமே அது தேவை. இரண்டாம் தடவை கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருங்கள். வேலை வன்வட்டிலிருந்து தொடரும். பென் டிரைவானால் மறுதொடக்கம் ஆகும் தருணத்தில் அதைக் கழற்றிவிடலாம்.

கேள்வி: நிறுவும்போது 80070570 என்று முடியும் பிழை எண் வருகிறது. ஒருமுறை 18 சதவீதத்தில், இன்னொரு முறை 60 சதவீதத்தில். கோப்பை மீண்டும் இறக்கி, பென் டிரைவையும் மாற்றிவிட்டேன்.

பதில்: கோப்பு சிதைந்திருக்கிறது அல்லது படிக்க முடியவில்லை என்பதே அந்த எண்ணின் பொருள். ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றால் நான் முதலில் மூலத்தைச் சந்தேகிப்பேன்: கீறல் விழுந்த டிவிடி, அரைகுறையாக இறங்கிய ஐஎஸ்ஓ. உங்களுக்கு இடம் மாறி மாறி நிற்கிறது, மூலத்தையும் மாற்றிவிட்டீர்கள். ஆகவே சந்தேகம் ரேம் பக்கம் திரும்புகிறது. செட்டப் கோப்புகளை ரேமில் விரித்துத்தான் வன்வட்டில் எழுதுகிறது. ரேமில் ஒரு சிறு பகுதி பழுதாகியிருந்தாலும், நல்ல கோப்பு அதன் வழியே சென்று கெட்ட கோப்பாக வெளிவரும். அன்றாட வேலையில் எப்போதாவது ஒருமுறை கணினி நின்றுபோவதாக மட்டும் தெரிகிற அதே பழுது, பல ஜிபியை ஒரே மூச்சில் விரிக்கும்போது தப்பாமல் வெளிப்படும்.

இரண்டு ரேம் பட்டைகள் இருந்தால், மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு ஒன்றைக் கழற்றி நிறுவிப் பாருங்கள். தோற்றால் அதை வைத்துவிட்டு மற்றதைக் கழற்றுங்கள். ஒன்றே ஒன்றுதான் என்றால் ‘மெம்டெஸ்ட்86’ மென்பொருளை பென் டிரைவிலிருந்து இயக்கி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அந்தப் பட்டையை நம்ப வேண்டாம்.

ஐஎஸ்ஓவைப் பற்றிச் சந்தேகம் இருக்கும் மற்றவர்கள், ‘செர்ட்யூடில்’ என்ற விண்டோஸ் கட்டளையைக் கொண்டு கோப்பின் கைரேகை போன்ற ஷா-256 மதிப்பைக் கணக்கிட்டு, பதிவிறக்கப் பக்கத்தில் தரப்பட்டுள்ளதோடு ஒப்பிடலாம். ஓர் எழுத்து மாறினாலும் மீண்டும் இறக்க வேண்டியதுதான்.

கேள்வி: விண்டோஸ் 11க்கு மாறிய பிறகு என் டிரைவ் சிடிகளைப் படிக்கிறது, டிவிடிகளைப் படிப்பதில்லை. பழைய விண்டோஸுக்கே திரும்பிவிடலாமா?

பதில்: திரும்பினாலும் படிக்காது. சிடியைப் படிக்க 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசரும், டிவிடியைப் படிக்க 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும் பயன்படுகின்றன. ஒரே டிரைவுக்குள் இரண்டு லேசர்கள். ஒன்று சோர்ந்துபோய் மற்றது நன்றாக இருப்பது வழக்கமான பழுதே. சிடி திறக்கிறது என்பதால் கேபிள், டிரைவர், விண்டோஸ் மூன்றும் குற்றமற்றவை என்று தெரிகிறது. டிவிடியில் புள்ளிகள் இன்னும் நெருக்கமானவை என்பதால், லென்ஸில் படிந்த தூசியும் முதலில் டிவிடியைத்தான் பாதிக்கும். ஊதுபந்தால் காற்றடித்துச் சுத்தம் செய்து பாருங்கள். பலன் இல்லையென்றால், முதல் கேள்வி கேட்ட வாசகருக்கு வேண்டாம் என்றதை உங்களுக்குச் சொல்கிறேன்: வேறு டிரைவ் வாங்குங்கள்.

யுஎஸ்பி வழியாக இணைக்கும் டிரைவ் வாங்குவதானால் மின்சாரத்தைக் கவனியுங்கள். யுஎஸ்பி 2.0 போர்ட் தரக் கடமைப்பட்டது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900 மில்லி ஆம்பியர். வட்டு சுழலத் தொடங்கும் தருணத்தில் இழுக்கும் மின்சாரம் போதாமல்போனால், டிரைவ் டிக் டிக் என்று ஒலித்துவிட்டு அடங்கிவிடும். பழுது என்று தோன்றும். தனக்கென மின் இணைப்பில்லாத யுஎஸ்பி ஹப்பில் செருகாமல் கணினியின் போர்ட்டிலேயே நேரடியாகச் செருகுங்கள்.

கேள்வி: டிரைவ் எல்லா வட்டுகளையும் திறக்கிறது. ஆனால் திரைப்பட டிவிடி ஓடவில்லை. பழைய விளையாட்டு ஒன்றும் நிறுவப்பட்ட பின் திறக்க மறுக்கிறது.

பதில்: திரைப்படத்தைப் பொறுத்தவரை, 2012இல் வந்த விண்டோஸ் 8இலிருந்தே டிவிடி படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் இயங்குதளத்துடன் சேர்த்துத் தருவதில்லை. விலையில்லாமல் கிடைக்கும் விஎல்சி மென்பொருளை நிறுவினால் ஓடும். ஏதாவது படத்திற்காக டிரைவின் மண்டலக் குறியீட்டை (உலகின் எந்தப் பகுதிக்கான டிவிடியை ஓட்டலாம் என்று குறிக்கும் எண்) மாற்றும்படி கேட்டால் யோசித்துச் செய்யுங்கள். ஐந்து முறைக்கு மேல் மாற்ற முடியாது, கடைசியாக வைத்ததே நிலைத்துவிடும்.

விளையாட்டின் கதை வேறு. 2000களின் தொடக்கத்தில் வந்த பல விளையாட்டுகள், மூல வட்டு டிரைவில் இருக்கிறதா என்று பார்க்க ‘சேஃப்டிஸ்க்’ போன்ற காப்பு முறைகளை நம்பியிருந்தன. அதற்கான டிரைவர் பாதுகாப்பு ஓட்டையாகக் கருதப்பட்டதால், 2015இல் வந்த விண்டோஸ் 10 அதை ஏற்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த ஒரு திருத்தம் பழைய விண்டோஸ்களிலும் அதை முடக்கியது. உங்கள் வட்டும் நல்லது, டிரைவும் நல்லது. காவலாளிக்குத்தான் உள்ளே வர அனுமதியில்லை. அந்த விளையாட்டை வட்டில்லாத பதிப்பாக யாராவது மீண்டும் வெளியிட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். இல்லையென்றால், இணைய இணைப்பில்லாத ஒரு பழைய கணினியை விண்டோஸ் எக்ஸ்பியோடு அதற்கென்றே ஒதுக்கிவைக்கலாம்.